கூப்பிடு தூரம்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த ஒன்றுகூடலில், அக்கரப்பத்தனைப் பகுதியில் விஞ்ஞானம் கற்பிக்கும் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



விழா மேடையில் பௌதிகவியல் பாடமா என்று யாரும் பயப்பட வேண்டாம். கரும்பலகை கொண்டு வரவில்லை. உயர்தர வகுப்பில் நாம் எல்லோரும் மனனம் செய்த ஒரு விதியைத்தான் எடுத்து வந்திருக்கிறோம். அலையின் செறிவு வீச்சத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமன். பரீட்சைக்காக எழுதி, புள்ளி வாங்கி, மறந்துவிட்ட வரி இது. அக்கரப்பத்தனை போன்ற மலைநாட்டில் அடைமழை பெய்யும் இரவொன்றில் இந்த வரிக்கு உயிர்களைக் காக்கிற வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

தப்பிலிருந்து தொடங்குவோம். காமன் கூத்திலும் திருவிழாவிலும் கேட்கும் அதே தப்புத்தான் ஒரு காலத்தில் விடியற்காலையில் நம் பாட்டன் பாட்டிமாரைப் பிரட்டுக்கு எழுப்பியது. தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பாக்கி அடிக்கும்போது தோல் முன்னும் பின்னும் அதிர்கிறது. நடுநிலையிலிருந்து அது எவ்வளவு தூரம் விலகிப் போகிறதோ அதுதான் வீச்சம். மெல்லத் தட்டினால் சிறிய வீச்சம், ஓங்கி அடித்தால் பெரிய வீச்சம். தோல் காற்றைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது. இப்படியே அதிர்வு கைமாறிக் கைமாறி நம் காதுக்கு வருகிறது.

அந்த அதிர்வு சக்தியைச் சுமந்து வருகிறது. ஒரு சதுர மீற்றர் பரப்பின் ஊடாக ஒரு செக்கனில் எவ்வளவு சக்தி போகிறது என்பதைத்தான் செறிவு என்கிறோம். வீச்சம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கு மடங்காகும். வீச்சம் மூன்று மடங்கானால் செறிவு ஒன்பது மடங்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் இதன் விலை தெரியும்: காற்றின் அதிர்வை இரட்டிப்பாக்க நினைப்பவர் நான்கு மடங்கு சக்தியைச் செலவிட்டாக வேண்டும்.

இனித் தூரத்துக்கு வருவோம். இதற்கு நம் வீட்டு ரொட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓர் உருண்டை கோதுமை மாவை எடுத்துத் தட்டுகிறோம். மா அதே அளவுதான். ரொட்டியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே தடிப்பு நான்கில் ஒன்றாகிவிடுகிறது. மூன்று மடங்கு விரித்தால் தடிப்பு ஒன்பதில் ஒன்று. சத்தமும் அப்படித்தான். தப்பிலிருந்து புறப்பட்ட சக்தி நாலா பக்கமும் மேலும் கீழுமாக ஒரு கோளம்போல் விரிகிறது. கோளத்தின் மேற்பரப்பு ஆரையின் வர்க்கத்தோடு வளர்கிறது. சக்தி கூடவில்லை, அது பரவ வேண்டிய பரப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. தூரம் இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்று, வீச்சம் பாதி. தூரம் பத்து மடங்கானால் செறிவு நூறில் ஒன்று, வீச்சம் பத்தில் ஒன்று.

இந்தக் கணக்கைத் தெசிபெல்லில் சொல்வது வழக்கம். செறிவு பத்து மடங்கு குறையும் ஒவ்வொரு தடவையும் தெசிபெல் எண்ணில் பத்துக் குறையும். தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ ஆறு குறையும். இந்த ஆறு என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டை கிழியக் கத்தும் ஒருவரின் குரல் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 90 தெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீற்றரில் 84. நான்கில் 78. எட்டில் 72. பதினாறில் 66. முப்பத்திரண்டு மீற்றரில் 60. அறுபது என்பது நாம் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசும் சாதாரணப் பேச்சின் அளவு. அமைதியான இரவென்றால் அது போதும். ஆனால் தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது காம்பிராவுக்குள் கேட்கும் இரைச்சல் 70ஐயும் தாண்டும். அப்படியானால் ஏறத்தாழ பத்து மீற்றருக்கு அப்பால் மழைதான் வெல்லும், குரல் தோற்கும். இடையில் சுவரும் சாத்திய கதவும் இருந்தால் அந்தப் பத்து மீற்றரும் இல்லை. பத்துக் காம்பிரா லயத்தின் நீளம் முப்பது மீற்றருக்குக் குறையாது. லயத்தின் ஒரு தொங்கலில் நின்று போடும் கூச்சல் மறு தொங்கலில் தூங்குகிறவரை எழுப்பாது.

கூப்பிடு தூரம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது ஏதோ குத்துமதிப்பான அளவு என்று நினைத்திருந்தோம். உண்மையில் அது நல்ல பௌதிகவியல். முதலின் வலு, கேட்கும் இடத்தின் இரைச்சல், இடையிலுள்ள தூரம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கூப்பிடு தூரத்தைத் தீர்மானிக்கின்றன. மழை பெய்தால் கூப்பிடு தூரம் சுருங்குகிறது. அபாயம் கூடும் நேரமும் அதே மழை நேரந்தான்.

அப்படியானால் பெரிய சைரன் ஒன்றை வைத்தால் தீர்ந்ததே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீற்றரில் 120 தெசிபெல் தரும் சைரன் ஒன்று, பக்கத்தில் நிற்பவரின் காதுக்குக் கேடு செய்யும் அளவு உரத்தது. நூறு மீற்றரில் அது 80 ஆகிவிடும். முந்நூறு மீற்றரில் 70. ஒரு கிலோமீற்றரில் 60. எனவே பெருமழையில் அதன் கூப்பிடு தூரம் முந்நூறு மீற்றர். அதை அறுநூறாக்க நான்கு மடங்கு வலு வேண்டும். தொள்ளாயிரமாக்க ஒன்பது மடங்கு.

இன்னொரு வழி இருக்கிறது. நான்கு தப்புக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நால்வரும் ஒரே இடத்தில் நின்று அடித்தால் செறிவு நான்கு மடங்கு. ஆகவே சத்தம் எட்டும் தூரம் இரண்டு மடங்கு. வெட்டவெளியான சமதரையில் இது நியாயமான வியாபாரந்தான். தூரம் இரட்டித்தால் கேட்கும் பரப்பு நான்கு மடங்காகும். நால்வரையும் நான்கு மூலையில் நிறுத்தினாலும் அதே நான்கு மடங்குதான் கிடைக்கும். ஆனால் நம் லயங்கள் சமதரையில் பரந்து கிடக்கவில்லை. ஆற்றோரமாகவும் றோட்டோரமாகவும் மலைச்சரிவிலே வரிசையாக நீண்டு கிடக்கின்றன. ஒரு கோட்டின் வழியே பார்த்தால் நால்வரும் ஒன்றாக நிற்பதைவிட இடம் விட்டு இடம் நின்றால் இரண்டு மடங்கு நீளம் கேட்கும். நடுவிலே ஒரு மலை முகடு குறுக்கிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள லயத்துக்கு, இந்தப் பக்கத்து நான்கு தப்பையும்விட அங்கேயே நிற்கும் ஒரு தப்புப் பெரியது.

மலை சத்தத்தை முழுதாக மறித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. தாழ்ந்த சுருதிச் சத்தத்துக்கு அலைநீளம் கூட; அது தடைகளைச் சுற்றி வளைந்து வரும். விசில் போன்ற உயர்ந்த சுருதி அவ்வளவு வளையாது. போகும் வழியில் காற்றும் அதைக் கூடுதலாக உறிஞ்சிவிடும். தூரத்து இடி வெறும் உறுமலாக நம்மிடம் வந்து சேர்வதற்கு இதுவே காரணம். காற்று அசையாத விடியற்காலையில், பள்ளத்தில் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்றே சூடான காற்றும் இருக்கும்போது, மேல்நோக்கிப் போகும் சத்தம் வளைந்து கீழே திரும்பும். பிரட்டுத் தப்பு பகலைவிட விடியலில் தூரம் கேட்டதற்கு ஊரின் அமைதியோடு இதுவும் துணை நின்றது.

ஆற்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஆக்ரா ஓயா பெருகும்போது அதன் இரைச்சல் நம்மை விடாமல் துரத்துகிறது. தப்பு ஒரு புள்ளி. ஆறு ஒரு நீண்ட கோடு. கோட்டிலிருந்து புறப்படும் சத்தம் கோளமாக விரிவதில்லை, உருளைபோல் விரிகிறது. அதனால் தூரம் இரட்டிக்கும்போது செறிவு நான்கில் ஒன்றாகாமல் பாதியாகத்தான் குறைகிறது. வெள்ள காலத்தில் ஆற்றோர லயங்களில் மனிதக் குரல் ஏன் எடுபடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். ஆறு மெல்லத் தேய்கிறது, குரல் வேகமாகத் தேய்கிறது.

இனி மலையை விட்டுக் கடலுக்கு இறங்குவோம். இதே விதியை இந்து சமுத்திரம் இரண்டு தடவை பெரிய அளவில் நமக்குப் படிப்பித்திருக்கிறது.

முதலாவது 1883 ஓகஸ்ட் 27. இன்றைய இந்தோனேசியாவில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ரொட்றிகஸ் தீவில் நான்கு மணித்தியாலங்களுக்குப் பின் அந்தச் சத்தம் கேட்டது. இலங்கையிலும் கேட்டதாகப் பதிவு உண்டு. வர்க்கக் கணக்கில் அவ்வளவு தேய்ந்தும் காதுக்கு எட்டியதென்றால், புறப்பட்ட இடத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் ரொட்றிகஸில் கேட்டவர்கள் அதைத் தூரத்துப் பீரங்கிச் சத்தம் என்றே நினைத்தார்கள். அலை வந்து சேர்ந்தது, அதன் பொருள் வந்து சேரவில்லை.

இரண்டாவதை இந்த மண்டபத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26, இலங்கை நேரம் காலை 6.58. சுமாத்திராவின் மேற்கே கடலடி நிலம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. கடலலை மேற்பரப்பில் விரிவதால் அது கோளமாகாது, வட்டமாகவே விரியும். வட்டத்தின் சுற்றளவு தூரத்தோடு மட்டுமே வளரும், தூரத்தின் வர்க்கத்தோடு வளராது. ஆகவே தூரம் நான்கு மடங்கானாலும் வீச்சம் பாதியாகத்தான் குறையும். போதாததற்கு இங்கே முதலே ஒரு நீண்ட கோடு. வடக்குத் தெற்காகக் கிடந்த அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும்தான் அலை மிகுந்த சக்தியோடு புறப்பட்டது. நம் கிழக்குக் கரை அதற்கு நேர் எதிரே இருந்தது. கோட்டின் வடமுனைக்கு அப்பால் இருந்த வங்காளதேசம் பெரும்பாலும் தப்பிக்கொண்டது.

நடுக்கடலில் அந்த அலை பார்வைக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் மேலே போன ஜேசன் 1 செய்மதி அளந்தபோது அது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் உயரந்தான். படகிலிருந்தவர் உணர்ந்திருக்கமாட்டார். ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது, பின்னால் வரும் சக்தி முன்னால் போவதோடு நெருக்கப்படுகிறது, வீச்சம் உயர்கிறது. நாலாயிரம் மீற்றர் ஆழத்திலிருந்து பத்து மீற்றர் ஆழத்துக்கு வரும்போது, இந்த ஒரு காரணத்தால் மட்டும் அலை நாலரை மடங்கு உயரும். கரையில் ஏறும்போது இன்னும் உயர்ந்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின.

அந்தக் காலையில் நம் நாட்டுக்கு வேறோர் அலை முதலிலேயே வந்திருந்தது. நிலத்தின் ஊடாக வந்த அதிர்வு அது. சில நிமிடங்களிலேயே இலங்கையைத் தொட்டது. வீச்சம் மிகச் சிறியது. மலைநாட்டில் பெரும்பாலோர் உணரவேயில்லை. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருந்த நில அதிர்வு நிலையம் அதைப் பதிந்தது. கடலலை கிழக்குக் கரைக்கு வர அதன்பின்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. கருவிக்குத் தெரிந்தது கரைக்குத் தெரியவில்லை. பதிந்த இடத்துக்கும் கடற்கரையில் விளையாடிய பிள்ளைக்கும் இடையில் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் ஆட்களோ ஒழுங்கோ அன்று இருக்கவில்லை. அதன்பின்புதான் நாட்டின் கரையோரம் எச்சரிக்கைக் கோபுரங்களும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தன.

கோபுரங்கள் கரையில் இருக்கின்றன. மலையில் நாம் இருக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள்மீது மலை சரிந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் வேளை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. லயத்தின் வாசலுக்கு வந்து ஒவ்வொரு குடும்பத்தையும் எழுப்பிக் கூட்டிப்போகும் வலுவோடு அது வந்து சேரவில்லை. போக வேறு இடமும் காணியும் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பதும் உண்மை. அந்த உரிமைக்கான குரல் தனியே ஒலிக்க வேண்டும். ஆனால் இன்றிரவே மழை பெய்தால், இன்றிரவுக்கு வேண்டியது என்ன என்பதை நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

அந்த நிறுவனம் மக்களுக்குச் சொல்லியிருக்கும் அளவுகள் எளிமையானவை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருங்கள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், உடனே வெளியேறுங்கள். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று, திடீரென நின்றுபோகும் ஊற்று, இவையும் அறிகுறிகள். அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. சுவர் நேராக உள்ள வெறும் பால்மா டின் ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் படாத வெளியில் வைத்து, அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்தால் போதும். ஏழரைச் சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை.

தொலைபேசியில் செய்தி வரும் என்பீர்கள். வரும், வர வேண்டும். 117 என்ற இலக்கம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். ஆனால் தொலைபேசியின் வானொலி அலையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கோபுரத்திலிருந்து தூரம் போகப் போகத் தேய்கிறது. மலை மறைத்தால் மங்கிவிடுகிறது. பெருமழையில் மின்சாரம் நின்றால் கோபுரமும் ஓயலாம், கையிலுள்ள தொலைபேசியும் சார்ஜ் இறங்கிக் கிடக்கலாம். கொழும்பிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வரும் செய்தியின் கடைசி முந்நூறு மீற்றர் மனிதர்களால்தான் கடக்கப்பட வேண்டும்.

எனவே நூற்றாண்டு நினைவாக நாங்கள் சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் இது. கல்லும் கட்டடமும் கேட்கவில்லை. நம் மாணவிகள் வாழும் தோட்டங்களில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழைமானி, கையால் சுற்றும் சைரன் ஒன்று, ஒரு ரோச் லைற். இவற்றைப் பொறுப்பேற்க லயத்துக்கு இரண்டு பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பிள்ளைகளும் முதியவர்களும் எந்தக் காம்பிராவில் படுத்திருக்கிறார்கள் என்று பெண்களுக்குத்தான் தெரியும். பணிய லயத்துக்காரர் மேட்டு லயத்துச் சைரனைக் கேட்டதும் தங்கள் சைரனைச் சுற்ற வேண்டும்; அவர்களுக்கு அடுத்தவர் அடுத்ததை. வீச்சம் தேய்ந்து போகுமுன் புதிய வீச்சம் கொடுத்து அனுப்புவதுதான் இதன் சூட்சுமம். ரொட்றிகஸில் நடந்ததுபோல் பொருள் தெரியாமல் போகாதிருக்க, விட்டுவிட்டு மூன்று தரம் என்றால் ஆயத்தம், ஓயாத சத்தம் என்றால் வெளியேறு என்று எல்லோரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கே போய்ச் சேர்வது என்பதையும் நல்ல வெயில் நாளில் ஒரு தடவை நடந்து பழக வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை சைரனைச் சுற்றிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த சைரனுக்கு வீச்சம் பூச்சியம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இருக்கும் நம் சகோதரிகள், இவ்வளவு தூரத்திலிருந்து நாம் என்ன செய்ய முடியும் என்று எழுதுகிறார்கள். தூரத்தின் வர்க்கம் உங்களுக்கும் பொருந்தும். அங்கிருந்து நீங்கள் எவ்வளவு உரத்துக் கூப்பிட்டாலும் இங்கே மழையில் கேட்காது. இங்கே கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஒருத்தியின் கையில் சைரனைக் கொடுக்க உங்களால் முடியும். வந்து போகும் நாளில் அது வேலை செய்கிறதா என்று சுற்றிப் பார்க்கவும் முடியும்.

விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் எங்களிடம் பெயர் கொடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை லயம் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த பெருமழைக்கு முன் அந்தக் கொப்பி நிறைய வேண்டும்.